பொறுங்கோ என்று கேட்டவன்

எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் கொழும்பிலிருந்து அகதிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது, உடுத்திருந்த உடுப்பைத் தவிர என் கணவரிடம் வேறொன்றும் இருக்கவில்லை. கொழும்பில் ஆங்கிலப் படங்கள் ஓடும் ஒரு தியேட்டரின் கந்தோரில் கணக்கெழுதும் வேலை பார்த்தவர். அவர் வாடகைக்கு இருந்த அறையை எரித்துவிட்டார்கள். அதைப் பற்றி அவர் அதிகம் கதைப்பதில்லை. அந்தத் தியேட்டரில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த நாட்களைப் பற்றித்தான் கதைப்பார். எங்களுக்குக் கலியாணம் பேசியபோது, "பெடியன் குடிக்கிறேல்லை, ஆனா படப்பைத்தியம்" என்று தரகர் சொன்னாராம். அதை ஒரு குறையாக அப்பா எடுத்துக்கொள்ளவில்லை.

கொடிகாமத்தில் எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் குடியிருந்தோம். அவர் சந்தைக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை எடுத்து வீடியோ கசெற் வாடகைக்குக் கொடுத்தார். தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியதும் மின்சாரம் நின்றது. அதோடு கடையும் நின்றது. கசெற்றுகளை யூரியாப் பைகளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். சில மாதங்கள் ஒன்றும் செய்யாமல் விறாந்தையில் இருந்தார். பிறகு எங்கேயோ ஒரு பழைய ஜெனரேற்றரைப் பிடித்து, மண்ணெண்ணெயில் ஓடும்படி திருத்தி எடுத்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் வீட்டு மண்டபத்தில் படம் போடத் தொடங்கினோம். இரவில் வெளிச்சம் தெரிந்தால் விமானம் வரும் என்ற பயத்தில் பகலிலேயே யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்குவோம். சனம் நிலத்தில் பாய் போட்டு இருக்கும். ஜெனரேற்றர் கிணற்றடியில் நின்று கத்தும்.

ஆங்கிலப் படம் என்றால் அவர் ரீவிக்குப் பக்கத்தில் நின்று கதையைத் தமிழில் சொல்லுவார். நடிகர் ஒரு நிமிடம் கதைத்தால் இவர் ஒரு வசனத்தில் முடித்துவிடுவார். சில வேளை நடிகர் வாயே திறக்காமல் இருப்பார், இவர் நிறையச் சொல்லுவார். சனத்துக்கு அது பிடித்திருந்தது. "படத்தைவிட உங்கடை மனுசன் சொல்லுறதுதான் நல்லாயிருக்கு" என்று பெண்கள் என்னிடம் சொல்லுவார்கள். அந்தக் காலத்தில் அவர் முகம் தெளிந்திருந்தது அந்தப் பின்னேரங்களில் மட்டும்தான்.

நான் சொல்ல வந்த படம் தொண்ணூற்றிரண்டில் வந்தது. கடனீரேரியால் வள்ளத்தில் சாமான் கொண்டுவரும் ஒரு வியாபாரி சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்து அந்தக் கசெற்றைக் கொண்டுவந்து தந்தார். மேலே ஒட்டியிருந்த தாள் கிழிந்து போயிருந்தது. எதிர்காலத்தில் நடக்கிற கதை. சண்டைப் படம்.

ஒரு பெரிய நகரம். அதைச் சுற்றி வானத்தைத் தொடும் மதில். மதிலுக்கு உள்ளே வெள்ளை வெளேரென்று மனிதர்கள், கண்ணாடி வீடுகள், பறக்கும் வாகனங்கள். மதிலுக்கு வெளியே வெறும் மணல். அங்கே தகரக் கொட்டில்களில் கரி பூசின முகங்களோடு ஒரு சனம். படத்தில் அவர்களுக்குப் பெயரே இல்லை. 'வெளியாக்கள்' என்றுதான் எல்லாரும் சொல்லுவார்கள். நகரத்தைக் காக்க ஒரு கம்பெனி பாதி மனிதனும் பாதி இயந்திரமுமாக ஒரு சிப்பாயைச் செய்து வைத்திருக்கிறது. உடம்பெல்லாம் இரும்பு. அவன் வெளியாக்களின் இடத்துக்குப் போய்ச் சுட்டுவிட்டு வருவான். ஒருநாள் அவனுடைய மூளைக்குள் இருக்கிற கருவி பழுதாகிறது. தானும் ஒரு காலத்தில் மனிதனாக இருந்தது அவனுக்கு நினைவு வருகிறது. பிறகு அவன் கம்பெனிக்கு எதிராகத் திரும்புகிறான். கடைசியில் வெளியாக்கள் எல்லாரும் அவனுக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறார்கள்.

முதல் ஞாயிறு வீடு நிறைந்த சனம். தொடக்கத்தில் நகரத்தைக் காட்டும்போது வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். இரும்பு மனிதன் வந்ததும் இளம் பெடியள் கைதட்டினார்கள். பிறகு தகரக் கொட்டில்களுக்கு மேலால் ஹெலி மாதிரி ஒன்று தாழப் பறந்து வந்தது. அந்தச் சத்தத்துக்கு முன்வரிசையில் இருந்த இரண்டு மூன்று பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடிக்குள் அமத்தினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. என் கணவரும் கதை சொல்லுவதை நிறுத்திவிட்டார்.

ஒரு கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு இளைஞன் வெளியே வந்தான். இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருந்தான். இரும்பு மனிதனைப் பார்த்து ஏதோ சொன்னான். அவன் சொன்னது எங்கள் எல்லாருக்கும் விளங்கியது.

"அண்ணை, பொறுங்கோ. உள்ளுக்குப் பிள்ளை கிடக்கு."

தமிழ். எங்களுடைய தமிழ்.

மண்டபத்தில் ஒரே கூச்சல். "எடேய், எங்கடை பெடியன்!" "இங்கிலீசுப் படத்திலை தமிழ் கதைக்கிறான்!" சிலர் எழும்பி நின்று கைதட்டினார்கள். தட்டி முடிக்கும் முன்னமே இரும்பு மனிதன் சுட்டான். அந்த இளைஞன் முகங்குப்புற மணலில் விழுந்தான். அடுத்த காட்சியில் இரும்பு மனிதன் வேறொரு கொட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தம்பி, நிப்பாட்டுங்கோ. ஐயோ, உதை நிப்பாட்டுங்கோ."

அது எங்கள் தென்னங்காணியில் கொட்டில் போட்டிருந்த மாமி. மாமி என்றால் உறவில்லை, வயதுக்குரிய மரியாதைக்கு அப்படிக் கூப்பிடுவேன். கடற்கரைப் பக்கக் குருநகர் ஆள். கடலுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. அந்தப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியதும் செபமாலையும் இரண்டு சட்டிபானையுமாக எங்கள் தென்மராட்சிப் பக்கம் வந்தவர், எங்கள் காணியிலேயே தங்கிவிட்டார். ஒரே மகன். ஆமி சுற்றிவளைத்துப் பெடியளைப் பிடித்துக்கொண்டு போன நாட்களில், இருந்த வள்ளத்தை விற்று அவனைக் கனடாவுக்கு அனுப்பியிருந்தார். தொண்ணூறுக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தபால் வருவதும் போவதும் ஒழுங்காக இருக்கவில்லை.

என் கணவர் கசெற்றை நிறுத்தினார். மாமி சனத்தை விலக்கிக்கொண்டு ரீவிக்கு முன்னால் வந்தார்.

"அது என்ரை பெடியன்" என்றார். "திருப்பிப் போடுங்கோ தம்பி."

அவர் திருப்பிப் போட்டார். கைகளைத் தூக்கியபடி இளைஞன் வந்ததும் படத்தை நிறுத்தினார். நிறுத்திய படம் நடுங்கியது. வெள்ளைக் கோடுகள் முகத்தின் குறுக்கே ஓடின. கரி பூசின முகம். ஒரு பக்கம் நிழல். நான் நன்றாகப் பார்த்தேன். இருபத்தைந்து வயதுள்ள எந்த யாழ்ப்பாணத்துப் பெடியனும் அப்படித்தான் இருப்பான் என்று தோன்றியது.

"தோளைச் சரிச்சுக்கொண்டு நிக்கிறானெல்லோ" என்றார் மாமி. "அவன் சின்னனிலையே அப்பிடித்தான். தேப்பனும் அப்பிடித்தான்."

பிறகு என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "செத்தது பொய்தானே தம்பி?" என்று கேட்டார்.

"பொய்தான் மாமி. படம். நடிச்சுப்போட்டு எழும்பி வீட்டை போயிருப்பார்."

"ஓம்" என்றார் மாமி. "அது தெரியும். எண்டாலும் கேட்டனான்."

அன்றைக்கு மிச்சப் படம் ஓடியது. ஆனால் முன்னைய மாதிரி ஒருவரும் பார்க்கவில்லை. கடைசியில் வெளியாக்கள் இரும்பு மனிதனுக்கு முன்னால் முழங்காலில் நின்றபோது ஒரு பெடியன்கூடக் கைதட்டவில்லை.

சனம் போன பிறகு சாக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தோம். அவர் வழமையாகப் படம் முடிந்தால் உற்சாகமாகக் கதைப்பவர். அன்றைக்குச் சாக்குகளை எல்லாம் மடித்து அடுக்கினார். பிறகு தனக்குள் கதைப்பதுபோலச் சொன்னார்.

"உந்தப் படங்களைக் கனடாவிலையும் போய் எடுக்கிறாங்கள். அவங்களுக்குக் கறுப்பாய், சாப்பாடில்லாத மாதிரி முகங்கள் வேணும். கனடாவிலை அகதியாய்ப் போன எங்கடை பெடியள் வேலை தேடித் திரியிறாங்கள். கூட்டிக்கொண்டு போய்க் கரி பூசி நிப்பாட்டிப்போட்டு, உங்கடை பாசையிலை ஏதாவது கத்துங்கோ எண்டிருப்பாங்கள். விளங்காத பாசையாய் இருந்தால் சரி, அவங்களுக்கு."

"அவன் ஏன் அதைச் சொன்னவன்?" என்று கேட்டேன். "வேறை ஏதாவது சொல்லியிருக்கலாமே."

"துவக்கை நீட்டினால் எங்கடை வாயிலை வேறை என்ன வரும்?" என்றார். "உப்பிடிச் சாகாமல் தப்பத்தானே அங்கை ஓடினவங்கள். அங்கை போயும் அதையே நடிச்சுக் காட்டவேண்டிக் கிடக்கு. எங்களைச் சுடுறவனும் அவங்கடை ஆள். எங்களைக் காப்பாத்திறவனும் அவங்கடை ஆள். எங்களுக்கு விழுந்து சாகிறதும் முழங்காலிலை நிக்கிறதும்தான்."

அவர் படங்களைக் குறைசொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கொழும்பில் பார்த்த படங்களிலும் இப்படி எத்தனையோ பேர் விழுந்திருப்பார்கள், தான் அவர்களை ஒருநாளும் பார்க்கவில்லை என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சனம் வருமுன் மாமி வருவார். முகம் கழுவி, தலை வாரி இழுத்து, கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வருவார். என் கணவர் அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டுவார். அவன் சூடுபடும் முன்னம் நிறுத்திவிட வேண்டும் என்பதில் கவனமாக இருப்பார். சில வேளை விரல் பிந்திவிடும். அவன் விழுவதைப் பார்த்ததும் மாமி கண்ணை மூடிக்கொண்டு சிலுவைக் குறி போடுவார். பிறகு எழுந்து, "மெலிஞ்சு போனான். அங்கை சோறு கிடைக்குதோ தெரியாது" என்பார். ஒருமுறை, "உள்ளுக்குப் பிள்ளை கிடக்கு எண்டானே, அவன் கலியாணம் முடிச்சிட்டானோ?" என்று கேட்டார். அது கதைக்காகச் சொல்வது என்று நான் விளங்கப்படுத்தினேன். மாமி என்னைப் பார்த்த பார்வையில், விளங்காதது எனக்குத்தான் என்பதுபோல இருந்தது.

திரும்பத் திரும்பப் போட்டதில் அந்த இடத்தில் நாடா தேய்ந்தது. முகத்தில் புள்ளிகள் விழத் தொடங்கின. ஊர்ப் பிள்ளைகள் ஒழுங்கைகளில் இரும்பு மனிதன் விளையாட்டு விளையாடினார்கள். எல்லாருக்கும் இரும்பு மனிதனாக இருக்கத்தான் விருப்பம். வெளியாளாக இருக்க ஒருவரும் ஒத்துக்கொள்ளாததால், கடைசியில் ஒரு நாயைத் துரத்தி 'சுட்டார்கள்'.

செய்தி ஊரைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். அடுத்த வருடம், அப்போது யாழ்ப்பாணத்தை வைத்திருந்த இயக்கத்திலிருந்து இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். அந்த நாட்களில் எந்தப் படத்தைச் சனத்துக்குக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று தீர்மானிப்பது அவர்கள்தான். வந்தவர்களில் பொறுப்பானவனுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். கண்ணாடி போட்டவன். மெல்லக் கதைப்பான். நான் கொடுத்த, பால் விடாத பிளேன்ரீயைக் குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே குசினி வாசலில் கொண்டுவந்து வைத்தான்.

படத்தை முழுக்கப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"அண்ணை, இது நல்ல படம். சனத்துக்கு விளங்கக்கூடிய படம். மதில், தகரக் கொட்டில், ஹெலி எல்லாம் எங்கடை கதைதான். தமிழ்ப்படுத்திப் பெரிய இடத்திலை போடப்போறம். வசனத்தை நீங்கள் எழுதித் தாங்கோ."

அவர் மறுக்கவில்லை. மறுக்கிற மாதிரியான நிலைமையும் இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், அவருக்கு ஆசையும் இருந்தது. கிழமைக்கணக்காக இருந்து எழுதினார். வெளியாக்களுக்கு வாய் இல்லாத இடங்களில் எல்லாம் வாய் கொடுத்தார். கிழவிகளைக் கதைக்க வைத்தார். ஒரு பெண் தண்ணீருக்குச் சண்டை பிடிக்கிற மாதிரி எழுதினார். எழுதினதை எனக்கு வாசித்துக் காட்டி, "இப்பதான் இதுகள் மனிசர் மாதிரி இருக்குதுகள்" என்றார்.

கண்ணாடிக்காரன் வந்து அதைப் பார்த்தான். காதல் காட்சிகளை வெட்டச் சொன்னான். முழங்காலில் நிற்கிற கடைசிக் காட்சியையும் வெட்டச் சொன்னான். அதில் என் கணவருக்கு முழுச் சம்மதம். பிறகு அந்த இளைஞன் வருகிற இடம் வந்தது.

"இதுக்கு நீங்கள் ஒண்டும் எழுதேல்லை" என்றான்.

"அது தமிழ்தானே தம்பி. அதிலை மாத்திறதுக்கு ஒண்டுமில்லை."

"கையைத் தூக்கிக்கொண்டு கெஞ்சுறான் அண்ணை. எங்கடை சனம் உதைப் பாக்கக்கூடாது. சாகிறவன் நிமிந்து நிண்டு சொல்லவேணும்."

"சனம் அப்பிடித்தானே தம்பி நிண்டது? நானும் கொழும்பிலை அப்பிடித்தான் நிண்டனான்."

நான் குசினிக்குள் நின்று இதைக் கேட்டேன். கலியாணம் கட்டி இவ்வளவு காலமாகியும் அவர் எனக்குச் சொல்லாத ஒன்றை அந்தப் பெடியனுக்குச் சொன்னார். கண்ணாடிக்காரன் கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்தான். அவனுக்கும் அது உள்ளே போயிருக்க வேண்டும். பிறகு, "அதுக்காகத்தான் அண்ணை சொல்லுறன்" என்றான். "இனி அப்பிடி நிக்கக்கூடாது எண்டுதான்."

கசெற்றை எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த ஞாயிறு வழமைபோல வந்த மாமியிடம், சாவகச்சேரியில் பெரிதாகப் போடப்போகிறார்கள், அங்கே போய்ப் பார்க்கலாம் என்று சமாதானம் சொன்னோம். மாமிக்குப் பெருமையாக இருந்தது. கோயிலடியில் இரண்டு மூன்று பேருக்குச் சொல்லியும் வைத்தார்.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டார்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் போனபோதே இடமில்லை. முன்னால் மேசைக்கு மேல் மேசை வைத்து இரண்டு பெரிய ரீவிகளை வைத்திருந்தார்கள். தெரிந்த ஒரு பெண் நெருங்கி இருந்து எனக்கும் மாமிக்கும் இடம் தந்தாள். என் கணவர் ஆண்கள் பக்கம் சுவரோடு நின்றார்.

தமிழ்க் குரல்கள் நன்றாகத்தான் இருந்தன. கிழவிகள் கதைத்தார்கள். தண்ணீருக்குச் சண்டை பிடித்த பெண்ணுக்குச் சனம் கைதட்டியது. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

இளைஞன் வெளியே வந்தான். கைகள் மேலே தூக்கியபடியே இருந்தன. வாய் அசைந்தது. ஆனால் வந்த குரல் வேறு. கனத்த, மேடையில் கேட்கிற மாதிரியான குரல்.

"நீ என்னைச் சுடலாம். என் மண்ணைச் சுட முடியாது!"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். அவன் விழுந்தான்.

மாமி எழும்பிவிட்டார். நான் சேலையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"உது அவன்ரை குரல் இல்லை!" என்றார். கைதட்டலில் முதலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. மாமி இன்னும் பலமாகச் சொன்னார். "அவன் உப்பிடிச் சொல்லேல்லை!"

சனம் திரும்பிப் பார்த்தது. யாரோ, "இருங்கோ ஆச்சி, மறைக்குது" என்றார்கள். கண்ணாடிக்காரன் பக்கத்து வழியால் விரைந்து வந்தான்.

"அம்மா, இருங்கோ. படம் முடியப் பேந்து கதைப்பம்."

"பேந்து என்னத்தைக் கதைக்கிறது? என்ரை பிள்ளை பொறுங்கோ எண்டுதான் கேட்டவன். உள்ளுக்குப் பிள்ளை கிடக்கு எண்டு சொன்னவன். எனக்கு அவன்ரை குரலைக் கேக்கிறதுக்கு அது ஒண்டுதான் இருந்தது. அதை எங்கை கொண்டுபோய் வைச்சிருக்கிறியள்?"

இருங்கோ அம்மா என்றுதான் அவன் திரும்பவும் கையைக் காட்டினான். அந்தக் குரல் எங்கேயும் இருக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஆங்கிலக் குரல்களோடு சேர்த்து அதையும் அழித்துவிட்டுத்தான் அந்தப் பிரதியைச் செய்திருந்தார்கள். வேறு பிரதி இருக்கவில்லை. மாமி அவனைக் கையால் விலக்கினார். பிறகு சனத்துக்கு நடுவால் வெளியே நடந்தார். நானும் பின்னால் போனேன். உள்ளே படம் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

சாவகச்சேரியால் போகும் கண்டி வீதியில் மாமி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டும் திரும்பவில்லை. பஸ் கிடைக்கவில்லை. ஒரு லொறிக்காரர் இரங்கி ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்.

என் கணவரை விசாரணைக்கு வரச்சொல்லி இயக்கத்திலிருந்து ஆள் வந்தது. அந்தக் கிழவியைத் தூண்டிவிட்டது அவரோ என்று கேட்டார்களாம். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அடிக்கவில்லை, ஏசவில்லை, சாப்பாடு தந்தார்கள் என்றுதான் சொன்னார். வந்ததும் ஜெனரேற்றரைத் தோட்டம் செய்கிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். ரீவியைச் சேலையால் மூடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் வந்து படலையில் நின்று கேட்டது. இல்லை என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் எனக்குக்கூட ஒரு படத்தின் கதையைச் சொன்னதில்லை.

கண்ணாடிக்காரனை ஒருமுறைதான் திரும்பக் கண்டேன். கொடிகாமம் சந்தைச் சுவரில், புதிதாக ஒட்டிய வீரச்சாவுப் படங்களில் ஒன்றாக. கண்ணாடி இல்லாமல் எடுத்த படம். அதனால் முதலில் ஆளைத் தெரியவில்லை. படத்துக்குக் கீழே ஒரு முழக்கம் அச்சடித்திருந்தது. கோப்பையைக் குசினி வாசலில் கொண்டுவந்து வைத்தபோது, "அக்கா, தேத்தண்ணி நல்லாயிருந்தது" என்று மெல்லச் சொன்னவன் அவன். கத்தரிக்காய்ப் பையோடு அந்தச் சுவருக்கு முன்னால் நின்றேன். அழுகை வரவில்லை. அன்றைக்குக் கறி சமைக்க மனம் வரவில்லை.

மாமி கொட்டிலிலேயே இருந்தார். எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். கோபம் எங்கள் மேல் இல்லை என்று நினைக்கிறேன். வந்தால் ரீவி இருக்கிற பக்கம் பார்க்க வேண்டிவரும் என்பதால்தான் வரவில்லை.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் சண்டை சில மாதங்கள் நின்றது. வயதுபோனவர்களுக்கு வெளியே போக இயக்கத்தின் பாஸ் கிடைப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. மாமி கிளாலிக் கடனீரேரியால் வள்ளத்தில் ஏறிக் கொழும்புக்குப் போனார். வேறு கிழவிகள் அந்தக் கடனீரேரியை நினைத்துப் பயந்து செபித்துக்கொண்டு போவார்கள். மாமிக்குத் தண்ணீர் பயமில்லை. கொழும்பில் ஒரு சொந்தக்காரரைப் பிடித்து, அவர் இன்னொருவரைப் பிடித்து, கடைசியில் கனடாவில் மகனின் ரெலிபோன் இலக்கத்தை எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்த அன்றே எங்கள் வீட்டுக்கு வந்தார். விறாந்தைத் திண்ணையில் இருந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"கதைச்சனான் பிள்ளை" என்றார். "உயிரோடை இருக்கிறான். கலியாணம் முடிச்சு ஒரு பொம்பிளைப் பிள்ளையும் இருக்காம்."

"கடவுளே, நல்லது மாமி" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை.

"படத்திலை கண்டனான் எண்டு சொன்னன். எந்தப் படம் எண்டான். சொன்னன். அவன் சிரிக்கிறான் பிள்ளை. தான் ஒருநாளும் படத்திலை நடிக்கேல்லையாம். வந்த நாளிலையிருந்து சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவுறானாம். வேறை பெடியள் நடிக்கப் போறவங்களாம், அவன் போகேல்லையாம்."

என் கணவர் உள்ளேயிருந்து வந்து கதவடியில் நின்றார்.

"அவன்ரை குரலும் மாறிப்போச்சு" என்றார் மாமி. "படத்திலை கேட்ட குரல் இல்லை."

"இனியென்ன மாமி, மகன் சுகமாய் இருக்கிறார். அதுதானே வேணும்" என்றேன்.

"ஓம், சந்தோசம்தான். சந்தோசமாய்த்தான் கிடக்கு." செம்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "ஆனா பிள்ளை, இவ்வளவு காலமும் நான் பாத்தது ஆரின்ரை பெடியனை? அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள்தானே. அவள் காணேல்லை. நானெல்லோ கண்டது. அவன்ரை குரலையும் அழிச்சுப்போட்டாங்கள். அவளுக்கு நான் என்னத்தைக் காட்டுறது?"

என் கணவர், "மாமி, அந்தப் பெடியனும் கனடாவிலை சுகமாய்த்தான் இருப்பார்" என்றார்.

"ஆர் கண்டது?" என்றார் மாமி.

அந்த வருடம் ஐப்பசி கடைசியில் ஆமி முன்னேறி வர, வலிகாமத்துச் சனம் முழுக்க வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு வந்தது. மழை. கண்டி வீதி நிறையத் தலைகள். சைக்கிளில் கட்டிய மூட்டைகள், கதிரையில் வைத்துத் தூக்கிவந்த கிழவர்கள், நனைந்த பாடப் புத்தகங்கள். எங்கள் வீட்டு மண்டபத்தில் உடுவிலிலிருந்து வந்த ஆறு குடும்பங்கள் இருந்தன. முன்பு படம் பார்க்கச் சனம் இருந்த அதே நிலத்தில் ஈரச் சேலைகளை விரித்துப் படுத்தார்கள். ஒரு ஆள் காலை நீட்ட இடமில்லை. மாமி தன் கொட்டிலை ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்துவிட்டு எங்கள் குசினித் தாழ்வாரத்தில் படுத்தார்.

பகலில் மாமி சனத்துக்குள் போய்விடுவார். முதலில் தண்ணீர் கொடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். செம்பும் கையுமாகத்தான் போனார். ஒருநாள் நானும் கூடப் போனேன். வயதுபோன பெண்களாகப் பார்த்துப் பக்கத்தில் குந்துவார். தண்ணீரைக் கொடுப்பார். குடித்து முடிந்ததும் கேட்பார்.

"உங்களுக்குக் கனடாவிலை மகன் ஆரும் இருக்கினமோ? படத்திலை நடிச்சவர் எண்டு ஏதும் சொன்னவரோ?"

சிலர் இல்லை என்று தலையாட்டினார்கள். சிலர் சித்தம் தடுமாறிய ஆள் என்று என்னைப் பார்த்துச் சைகை காட்டினார்கள். சங்கத்தானைப் பக்கம் ஒரு மரத்தின் கீழ் இருந்த ஒரு பெண் மட்டும் கேள்வியை நன்றாகக் கேட்டு, யோசித்து, பதில் சொன்னார்.

"எனக்கு மூண்டு பெடியள். ஒருத்தரும் வெளியிலை போகேல்லை. ஒருத்தரும் இப்ப இல்லை."

மாமி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. செம்பை நான் வாங்கி, கிணற்றடி வரிசையில் போய் நின்றேன். நான் தண்ணீரோடு திரும்பி வந்தபோதும் மாமி அந்தக் கையை விடவில்லை. பக்கத்தில் யாரோ அடுப்புக்கு ஈர ஓலையைப் பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பற்றவில்லை.